பாதுகாப்புத் துறை ஹோல்டிங் கம்பெனியின் பங்கை வாங்குமுன் எந்த ஆபத்தைப் பார்க்க வேண்டும்?

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் ஒருவர், துப்பாக்கி, குண்டு, ட்ரோன், ரேடார் என்று ஆளுக்கொன்றைச் செய்யும் பல துணை நிறுவனங்களைக் கையில் வைத்திருக்கும் ஒரு ஹோல்டிங் கம்பெனியின் பங்குகளை வாங்கலாமா, அத்தகைய நிறுவனத்துக்கு என்னென்ன தொழில் ஆபத்துகள் உண்டு என்று கேட்டிருக்கிறார். நான் பங்குச்சந்தை ஆலோசகன் அல்லன். கோவை கணபதியில் பம்ப்செட் உதிரிப்பாகங்களுக்காகச் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் எந்திரங்கள்) பட்டறை தொடங்கி, சில ஆண்டுகளாக இத்தகைய குழுமம் ஒன்றின் துணை நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவன். ஆகவே அடியிலிருந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

சண்டை ஓய்ந்தால் ஆர்டர் நின்றுவிடும் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் அச்சம். எனக்கு அது பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடி ரூபாயில் மூலதனச் செலவுக்கு மட்டும் 1.80 லட்சம் கோடி உண்டு; படைகளை நவீனமாக்கும் தொகையில் முக்கால் பங்கை உள்நாட்டுக் கொள்முதலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆர்டர் வரும். அந்த ஆர்டரின் பணம் எந்தக் கம்பெனியில் தங்குகிறது, ஒரு கம்பெனியின் தவறு எத்தனை கம்பெனிகளைச் சுடுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஹோல்டிங் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு லேத் கூட இல்லாமல் இருக்கலாம். துணை நிறுவனங்கள் லாபத்தில் பிரித்துத் தரும் டிவிடெண்டும், அவற்றுக்குக் கொடுத்த கடனுக்கான வட்டியும்தான் அதன் வருமானம். துணை நிறுவனம் தன் வங்கிக்கும், தொழிலாளிக்கும், என்னைப் போன்ற சப்ளையருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சினால்தான் டிவிடெண்ட். ஆனால் அதே துணை நிறுவனத்தின் கடனுக்குத் தாய் நிறுவனம் கேரண்டி கையெழுத்துப் போட்டிருந்தால், கடன் தவறியவுடன் வங்கி நேராக மேலே போய்க் கதவைத் தட்டும். ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பார்கள்; படைக்கலம் விற்கும் ஹோல்டிங் கம்பெனியோ பந்திக்குப் பிந்தி, படைக்கு முந்தி நிற்கிறது.

கடனைவிட மோசமாகப் பரவுவது பெயர்க்கேடு. இத்தாலியின் ஃபின்மெக்கானிக்கா குழுமத்தைப் பாருங்கள். அதன் துணை நிறுவனமான அகஸ்டாவெஸ்ட்லேண்ட், முக்கியப் பிரமுகர்களுக்கான 12 ஹெலிகாப்டர்களை விற்க 2010-இல் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்தது. லஞ்சப் புகாரின் பேரில் 2014 ஜனவரி 1 அன்று அந்த ஒப்பந்தம் ரத்தானது. இந்திய அரசு விதித்த கொள்முதல் தடை ஹெலிகாப்டர் கம்பெனியோடு நிற்கவில்லை. ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளுக்காகத் தேர்வான பிளாக் ஷார்க் டார்பிடோவை (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம்) செய்த நிறுவனமும் அதே குழுமத்தைச் சேர்ந்தது என்பதால், ஹெலிகாப்டர் பேரத்தில் எந்தத் தொடர்பும் இல்லாத அந்தக் கொள்முதலும் 2016-இல் கைவிடப்பட்டது. அந்த நீர்மூழ்கிகளில் முதலாவதான ஐ.என்.எஸ். கல்வரி அந்தப் புதிய டார்பிடோ இல்லாமலேயே 2017-இல் கடற்படையில் சேர்ந்தது. 2018-இல் மிலான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரிகளை விடுவித்தும், லியோனார்டோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தக் குழுமத்தின் மீதான தடை 2021-இல்தான் விலகியது. கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு துணை நிறுவனமும் தனி ஆள். வாங்குகிற அரசின் பார்வையில் எல்லாம் ஒரே வீடு. பங்காளி செய்த வம்புக்கு ஊர் மொத்தக் குடும்பத்தையும் ஒதுக்கி வைப்பது போலத்தான்.

அடுத்தது வாங்குபவர் ஒருவரே என்பது. திருப்பூரில் ஒரு பையர் விலையைக் குறைத்தால் நீங்கள் இன்னொரு பையரைத் தேடலாம். பீரங்கிக் குழலை ராணுவம் வேண்டாமென்றால் யாரிடம் கொண்டுபோவது? ஏற்றுமதிக்கும் அரசின் அனுமதி வேண்டும். சோதனை ஓட்டங்களையும் ‘செலவும் பொறுப்பும் எங்களுடையதல்ல’ என்ற நிபந்தனையின் பேரில்தான் படைகள் நடத்துகின்றன. மாதிரியைச் செய்து, பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் கொண்டுபோய், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் விலையில் இரண்டாவதாக வந்தால் போட்ட பணம் போனதுதான். ஆர்டர் கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. பிபாவாவ் கப்பல் கட்டும் தளம் 2011-இல் கடற்படைக்கு 5 ரோந்துக் கப்பல்கள் கட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. தாமதமாகவே கடற்படை வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கிக் கொண்டது, நிறுவனமும் 2020-இல் திவால் நடைமுறைக்குள் போனது. இடையில் அதை வாங்கிய பெரிய குழுமத்தின் பெயரும் அதைக் காப்பாற்றவில்லை.

இதன் சிறிய வடிவத்தை நானே அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை அலுமினிய ஹவுசிங் ஒரு லாட் முடித்துக் கொடுத்து, இன்ஸ்பெக்‌ஷனும் தேறி, ஏழு மாதம் பணம் வரவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த தம்பி ஒருநாள் மெல்லச் சொன்னார்: “ஏனுங்கண்ணா, உங்க பில்லு அப்பவே பாஸ் ஆயிருச்சுங்க. பணந்தானுங்க மேல போயிருச்சு.” நட்டத்தில் இருந்த இன்னொரு துணை நிறுவனத்தைத் தாங்கிப்பிடிக்க, எங்கள் பணம் தாய் நிறுவனத்தின் வழியாகக் கடனாகப் போயிருந்தது. மறு ஆண்டு அறிக்கையில், தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்ற குறிப்பில் அது ஒரே வரியாக இருந்தது. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளர் மேல் யார் வழக்குப் போடுவார்கள்? அந்தக் குழுமத்தார் பாதுகாப்பு அமைச்சகத்திடம் வாய்திறக்காததும் இதே காரணத்தால்தான்.

வெளிநாட்டுப் பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேஜஸ் போர் விமானம் பறப்பதை, கோவை அருகே விமானப்படைத் தளம் உள்ள சூலூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது; அவற்றுக்கென்று கேட்ட 99 அமெரிக்க எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு அடுத்த மாதமே அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. சிறிய மோட்டார் வைத்த எந்தக் கருவியைச் செய்பவருக்கும் இது வயிற்றைக் கலக்கும் செய்தி.

நீங்கள் பங்கு வாங்குவதாக இருந்தால் ஆர்டர் புத்தகம் எத்தனை ஆயிரம் கோடி என்ற விளம்பரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, குழுமம் முழுவதையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கையும் தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குழுமத்தின் லாபம் ஏறும்போது தாய் நிறுவனத்துக்கு ரொக்கமாக வந்த டிவிடெண்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். கொடுத்த கேரண்டிகளின் தொகையை அதன் சொந்த மூலதனத்தோடு ஒப்பிடுங்கள். தொடர்புடைய தரப்புக் குறிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

நான் அந்தப் பங்கை வாங்கவில்லை. ஜாப் ஒர்க்கை விடவும் இல்லை. ஏழு மெஷினில் இரண்டுக்கு மேல் அந்த வேலைக்கு ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். மீதி ஐந்தும் பம்ப்செட் உதிரிக்குத்தான் ஓடுகின்றன.