கையில் ஒரு கேள்வியோடு

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது முப்பத்து நான்கு. தினமும் சிங்கப்பெருமாள்கோவிலில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையம் வரை போய்த் திரும்புகிறேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கைப்பேசியும் நானும்தான். சங்க இலக்கியம் படிக்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. அதற்காக நாற்பது காணொளிகளுக்கு மேல் சேமித்திருக்கிறேன். முந்நூறு மின்னூல்களைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். பணம் கட்டிச் சேர்ந்த இணையவழி வகுப்பை மூன்றாவது வாரமே விட்டுவிட்டேன். இரண்டு வருடமாகியும் ஒரு பாடலைக்கூட முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. இணையத்தை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி? இல்லை, பேசாமல் பழைய பொத்தான் கைப்பேசிக்கே திரும்பிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கைப்பேசியை மாற்ற வேண்டாம். எத்தனை காணொளி, எத்தனை மின்னூல் என்று கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சங்க இலக்கியம் பெருங்கடல். எந்தக் கரையில் இறங்குவது என்று முடிவு செய்யாதவரை சேமித்துக்கொண்டேதான் இருப்போம். ஒரு நூலைத் தரவிறக்கியதுமே பாதி படித்துவிட்டது போல மனம் அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதிதான் உங்களைப் படிக்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி தருகிறேன். குறுந்தொகையில் யானை எங்கெல்லாம் வருகிறது?

மதுரைத் திட்டத்தின் தளத்தில் குறுந்தொகை முழுதாகக் கிடைக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஒரு காசு வாங்காமல் நூல் நூலாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். இணையத்தில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பக்கத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் 'யானை' என்று இடுங்கள். வரும் பாடல்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தினால் 37ஆம் பாடலைத் தவறவிடுவீர்கள். 'பிடிபசி களைஇய பெருங்கை வேழம் மென்சினை யாஅம் பொளிக்கும்' என்று வருகிறது அங்கே. பெண் யானையின் பசியைப் போக்க, ஆண் யானை தன் பெரிய கையால் யா மரத்தின் கிளையை உரித்துக் கொடுக்கிறது. பிரிந்து போன தலைவன் அந்தக் காட்சியைப் பார்ப்பான், உன்னை நினைத்துத் திரும்பி வருவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். யானைகளையே நம்பி நிற்கும் பாடல். ஆனால் 'யானை' என்ற சொல் அதில் இல்லை. பிடியும் வேழமும்தான் இருக்கின்றன. ஆகவே வேழம் என்று தேட வேண்டும், களிறு என்று தேட வேண்டும், பிடி என்று தேட வேண்டும். 'பிடி' என்று இட்டால் பிடித்தலும் வந்து விழும். ஒவ்வொன்றையும் படித்துத்தான் கழிக்க முடியும். அப்படிப் படித்துக் கழிக்கும் நேரத்தில்தான் நீங்கள் குறுந்தொகை படிக்கத் தொடங்கியிருப்பீர்கள்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். குறுந்தொகையில் ஔவையார் பாடல்கள் பல உண்டு. 'ஔவையார்' என்று தேடி ஒன்றுமே கிடைக்காமல் திகைத்தவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 'ஔ' ஒரே எழுத்து. ஆனால் நம்மில் பலர் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவிடுகிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோடு முறையில் அவற்றின் குறியீடுகள் வேறு வேறு என்பதால் 'ஒளவையார்' என்று அடித்த பக்கம் உங்கள் தேடலில் அகப்படாது. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேளுங்கள், தவறில்லை. ஆனால் அது சொல்லும் பாடல் எண்ணையும் வரியையும் மூல நூலில் கண்ணால் பார்க்காமல் ஏற்காதீர்கள். குறுந்தொகையிலேயே இல்லாத வரியைக் குறுந்தொகை என்று அது எடுத்துத் தந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

யானைக் கேள்வி முடிந்ததும் விக்கிமூலத்துக்குப் போங்கள். விக்கிப்பீடியாவைப் போல யாரும் பங்களிக்கக்கூடிய இணைய நூலகம் அது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றின் பக்கங்கள் அங்கே படங்களாக இருக்கின்றன. ஒரு புறம் படம், மறுபுறம் அதை இயந்திரம் படித்து எழுதிய வரிகள். துணைக்கால் குறியை (ா) 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கால்' என்பதைக் 'கரல்' என்று எழுதியிருக்கும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால், துதிக்கை போல் வளைந்த பழைய ணை, லை, னை எழுத்துகளில் தடுமாறியிருக்கும். படத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் திருத்துவதுதான் வேலை. நாளுக்கு ஒரு பக்கம் போதும். நான் படித்தவற்றில் இன்றும் வரி பிசகாமல் நினைவிருப்பவை மெய்ப்புப் பார்த்த பக்கங்கள்தான். அத்தனை நிதானமாக வேறு எதையும் நான் படித்ததில்லை.

ஆனால் இதை ரயிலில் செய்ய வேண்டாம். படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கைப்பேசித் திரை போதாது. வீட்டுக் கணினியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு முன் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தை மனத்தில் கூட்டித் தமிழ் எழுதும் சுற்றுவழி இல்லை. முதல் சில நாள் விரல் தடுமாறும், பிறகு பழகிவிடும். ரயிலுக்கு நோட்டில் குறித்த பாடல்கள் போதும். அறிவிப்புகளை அணைத்துவிட்டு, போகும்போது ஒரு பாடல், திரும்பும்போது அதே பாடல்.

அந்த முந்நூறு மின்னூல்களையும் அழித்துவிடுங்கள். எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவிட்ட நூலை மூட்டை கட்டிச் சுமக்க வேண்டியதில்லை.

விக்கிமூலத்தில் யாரும் தொடாத பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் திருத்தி முடித்தால் அது மஞ்சளாகும். பச்சையாக வேண்டுமென்றால் வேறொருவர் வந்து மறுபடி சரிபார்க்க வேண்டும். திருத்தியவரே பச்சையாக்க முடியாது. எந்த நூலை எடுத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் மஞ்சளாக்கும் பக்கங்களை நான் பார்த்துத் தருகிறேன்.