கிரைம் நாவலை படமாக்கணும்னு சொல்ற பையனை என்ன படிக்க வைக்கிறது?

அக்கா, மெசேஜ் முழுசா படிச்சேன். சிங்கப்பூர்ல உயர்நிலைப் பள்ளி முடிக்கிற ஓ லெவல் பரீட்சை வருஷத்துல பையன் கிரைம் நாவலும் கையுமா திரியறான், அதை படமா எடுக்கப்போறேங்கிறான்னு பயந்து எழுதியிருக்கீங்க. பயம் நியாயம்தான், ஆனா புத்தகத்தை மட்டும் புடுங்கி வைக்காதீங்க, நாவலை திரைக்கதையாக்குறது தனி தொழில், அது இவனுக்கு வருமான்னு இப்பவே வீட்டுலயே பார்த்துடலாம்.

ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்து படத்துல வர்ற சீன் மாதிரி எழுத சொல்லுங்க. "அவன் பொய் சொல்றான்னு இன்ஸ்பெக்டருக்கு பட்டது"ன்னு நாவல்ல ஒரே வரியில முடிஞ்சிடும், படத்துல மனசுக்குள்ள ஓடறது எப்படி தெரியும், அதனால இப்பதான் மழையில வந்தேன்னு அவன் சொல்லும்போது கதவோரம் சாத்தி வச்ச அவன் குடை காய்ஞ்சு கிடக்கறது இன்ஸ்பெக்டர் கண்ணுல படணும். இந்த மாதிரி ஒரு குடையை பையன் தானா யோசிச்சு வச்சான்னா தாராளமா நம்பலாம். வெறும் வசனமா எழுதித் தள்ளினா இன்னும் பழகணும், அவ்ளோதான். சுஜாதாவோட பிரியா நாவல் லண்டன்ல நடக்கும், 1978ல படமா வந்தப்ப கதையை நம்ம சிங்கப்பூருக்கு மாத்திட்டாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு என்ன மாறுச்சு ஏன் மாறுச்சுன்னு எழுதட்டும், ரொம்ப நல்ல பயிற்சி.

ஒன்னு முக்கியம். வீட்டுல பழக எழுதறது வேற, எடுத்து யூடியூப்ல போடறது வேற, அதுக்கு எழுத்தாளர்கிட்ட எழுத்துப்பூர்வமா அனுமதி வேணும், அவர் இறந்தப்புறமும் இங்க சட்டப்படி 70 வருஷம் காப்புரிமை இருக்கு.

படிப்புக்கு ஙீ ஆன் பாலிடெக்னிக்ல ஃபிலிம், மீடியா பக்கம் பாருங்க. இஏஇங்கிற முன்கூட்டியே சேர்க்கிற முறை வழியா போனா ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஆர்வமும் திறமையும் பார்த்து இடம் தருவாங்க, எழுதின சீனெல்லாம் அங்க காட்டலாம், ஆனா குறைந்தபட்ச மார்க் கண்டிப்பா வரணும், அதனால மேத்ஸ் டியூஷனை நிறுத்தாதீங்க. டிகிரிக்கு லாசால் கலைக் கல்லூரி, என்டியூ (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ரெண்டும் இருக்கு.

சம்பளம் பத்தி மறைக்க மாட்டேன், இங்க தமிழுக்கு மார்க்கெட் சின்னது, வசந்தம் டிவி சேனல் நாடகங்களை விட்டா பெருசா ஒன்னும் இல்ல, நிறைய பேர் ஃப்ரீலான்ஸ்தான், ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சா அடுத்தது எப்பன்னு தெரியாது. அதனால எழுத்தோட எடிட்டிங்கோ சவுண்டோ ஒன்னு சேர்த்து கத்துக்கட்டும், அந்த வேலை எல்லா மொழியிலயும் கிடைக்கும்.

அந்த சீனை எழுதி முடிச்சதும் அனுப்ப சொல்லுங்க, படிச்சிட்டு அவன்கிட்டயே நேரா பேசறேன்.