சோறு நெஞ்சில் நிற்கிறதா? நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

மேனோமெட்ரி பரிசோதனைக்கு மயக்க மருந்து தருவார்களா? (குன்னூர்)

தர மாட்டார்கள். உணவுக்குழாயின் தசை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் பரிசோதனை இது; நீங்கள் விழுங்கினால்தான் அளக்கவே முடியும். மூக்கில் மரத்துப்போகும் ஜெல்லி தடவி, மெல்லிய குழாயை வயிறு வரை விடுவார்கள். குமட்டும், கண்ணில் நீர் வரும், அப்புறம் பழகிவிடும். படுத்தபடி 5 மில்லி தண்ணீரைப் பத்துத் தடவையும், உட்கார்ந்தபடி சில தடவையும் விழுங்கச் சொல்வார்கள். அரை மணி நேர வேலை.

காலை 9 மணிக்குக் கோவையில் டெஸ்ட். சாப்பிட்டுக் கிளம்பலாமா? (கோத்தகிரி)

கூடாது. ஆறு மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும். மலைப்பாதையில் வாந்தி வரும் என்று மாத்திரை போடுகிறவர் என்றால் முதல் நாளே இறங்கித் தங்கிவிடுங்கள். சில வாந்தி மாத்திரைகள் உணவுக்குழாயின் அசைவையே மாற்றிவிடும். நெஞ்சுவலிக்கான நைட்ரேட், சில பிபி மாத்திரைகளும் அப்படித்தான். அதற்காக எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைப் பட்டியலை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

ரிப்போர்ட் படம் அனுப்பியுள்ளேன். எனக்கு என்ன நோய்? (ஊட்டி)

வயது இல்லை, தொந்தரவு என்னவென்று ஒரு வரி இல்லை, படத்தில் பாதிப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஐஆர்பி, அதாவது விழுங்கும்போது உணவுக்குழாயின் அடிவாசல் எவ்வளவு தளர்கிறது என்று காட்டும் அழுத்த அளவு, 22 என்பது மட்டும் தெரிகிறது. பொதுவாக 15-ஐத் தாண்டினால் அதிகம்; கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். அந்த ஒரு எண்ணை வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. முழு ரிப்போர்ட், எண்டோஸ்கோப்பி, பேரியம் படம் (பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரை நேரில் பாருங்கள்.

அம்மாவுக்கு 52 வயது. இரண்டு வருடமாகச் சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் சில சமயம் நிற்கிறது. எண்டோஸ்கோப்பி நார்மல். கேஸ், மனசு என்று சொல்லி மாத்திரை தருகிறார்கள். (கூடலூர்)

இந்தக் கடிதம் ஊர் மாறி, பெயர் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. எண்டோஸ்கோப்பி கட்டி, புண், சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் தசை எவ்வளவு அழுத்துகிறது, அடிவாசல் திறக்கிறதா என்பதை அது அளக்காது. அடிவாசல் சரியாகத் திறக்காத நோய்க்குப் பெயர் அகலேசியா; ஆரம்பத்தில் அது எண்டோஸ்கோப்பியில் நார்மலாகத் தெரியலாம்.

உங்கள் அம்மா எழுந்து நின்று, தோளைப் பின்னால் தள்ளி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிச் சோற்றை இறக்குகிறார், படுத்தால் புளிப்பே இல்லாமல் பழைய சோறு வாய்க்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேஸ் இப்படிச் செய்யாது. சோறும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து நின்றால் அசைவுக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் சோறு, போகப் போகத் தண்ணீர் என்றால் அடைப்பைத் தேட வேண்டும்.

அகலேசியா அரிதுதான், வருடத்துக்கு லட்சத்தில் ஒருவருக்கு வரும். அரிது என்பதற்காக இரண்டு வருடம் அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுப்பது நியாயமில்லை. மேனோமெட்ரியும், ஐந்து நிமிடம் வரை படம் எடுக்கும் பேரியம் பரிசோதனையும் கேளுங்கள். அகலேசியா என்று உறுதியானால் மூன்றில் எந்த வகை என்று சொல்வார்கள். இரண்டாம் வகை சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும்: அடிவாசலைப் பலூனால் விரிப்பது, அந்தத் தசையை வயிற்று வழியாக வெட்டிவிடும் ஹெல்லர் அறுவை, வாய் வழியாக எண்டோஸ்கோப்பியால் வெட்டிவிடும் போயம், மூன்றுமே உண்டு. மூன்றாம் வகைக்குப் பெரும்பாலும் போயம்தான். போயத்துக்குப் பிறகு அமிலம் மேலேறலாம். அப்போதுதான் அந்த மாத்திரைக்கு வேலை. இடையில் எடை குறைந்தால் டெஸ்ட் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

தோட்டத்தில் கொதிக்கக் கொதிக்க டீ குடிப்போம். கெடுதலா? (கோத்தகிரி)

கெடுதல்தான். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் அறிவித்தது. சூடுதான் குற்றவாளி, தேயிலை இல்லை. ஆற்றிக் குடியுங்கள். புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர் அதை முதலில் விடுங்கள். சோறு சிக்க ஆரம்பித்திருந்தால் இந்த வாரமே எண்டோஸ்கோப்பி.

24 மணி நேர அமிலப் பரிசோதனைக் குழாயோடு வீட்டுக்குப் போகலாமா? (குன்னூர்)

தாராளமாக. வழக்கமான சாப்பாடு, வழக்கமான வேலை. கருவி நனையக் கூடாது, குளியல் மட்டும் மறுநாள்.