ஆர்லிங்டன் ரோ: கூரையிலிருந்து தொடங்கும் வீடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகனைப் பார்க்க இங்கிலாந்து போனபோது காட்ஸ்வோல்ட் பகுதியில் பைபரி என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஆர்லிங்டன் ரோ என்ற பழைய வீட்டு வரிசை. சுவர் குட்டை, சன்னல் சின்னது, கூரை மட்டும் பெரிது. எந்தக் கோடும் நேராக இல்லை. அழகுதான். ஆனால் யார் கட்டினார்கள் என்றே தெரியாத இதைக் கட்டடக்கலை என்று சொல்லலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகச் சொல்லலாம். அவை முதலில் வீடுகளே அல்ல. 1380 வாக்கில் மடத்துக்காரர்கள் கம்பளி சேமிக்கக் கட்டிய நீளமான கிடங்கு அது. 17ஆம் நூற்றாண்டில் குறுக்குச் சுவர் வைத்து, நெசவாளர்கள் குடியிருக்கும் வீடுகளாகப் பிரித்தார்கள். அவர்கள் நெய்த துணி பக்கத்திலிருந்த ஆர்லிங்டன் மில்லுக்குப் போய், அடித்துக் கெட்டியாக்கப்பட்டது. வீடுகளுக்கு எதிரே பார்த்திருப்பீர்களே, ஈரமான புல்வெளி, அதற்கு ராக் ஐல் என்று பெயர். துணியைச் சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைத்த இடம்.

கூரை பெரிது என்று சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சுவர் மட்டுமல்ல, ஓடும் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான். சில குவாரிகளில் வெட்டிய கல்லை ஈரத்தோடு குளிர்காலம் முழுக்க வெளியில் போட்டுவைப்பார்கள். உள்ளே இருக்கும் நீர் உறைந்து கல்லைப் பலகை பலகையாகப் பிளந்துவிடும். இந்தக் கல் நீரை உறிஞ்சும். அதனால் மழை அதில் தங்கக் கூடாது, உடனே வழிந்தாக வேண்டும். கூரை அவ்வளவு செங்குத்தாக இருப்பது இதனால்தான். செங்குத்தான கூரைக்குள் ஒரு மாடி அளவுக்கு இடம் தானாகக் கிடைக்கிறது. அங்கே வெளிச்சம் வேண்டும் என்றதும் கூரையைப் பிளந்துகொண்டு முக்கோண முகப்புச் சன்னல்கள் எழுகின்றன. கீழே சுவர் குட்டையாக இருந்தாலே போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்தில் பெரிய கற்பலகைகள், மேலே போகப்போகச் சிறியவை, முகட்டருகே மிகச் சிறியவை. அதிகத் தண்ணீர் வந்து சேருவது கீழேதான், அங்கே இணைப்புகள் குறைவாக இருப்பது நல்லது. குவாரியில் கிடைத்த சின்னத் துண்டும் வீணாகாது. கல்லின் கனத்தால் அடியிலுள்ள மரம் நாளடைவில் வளைகிறது, நீங்கள் பார்த்த கோணல் கோடுகளில் பாதி அப்படி வந்தவை. வரைபடம் போட்டவர் பெயர் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருக்கிறது. கட்டடக்கலைக்கு நான் வேறு இலக்கணம் கேட்கமாட்டேன்.

இப்போது வீடுகள், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் வசம் இருக்கின்றன, ஆட்களும் குடியிருக்கிறார்கள். என் கவலை கல்லைப் பற்றியது. புதிதாகக் கூரைப்பலகை எடுக்கும் குவாரிகள் மிகக் குறைவு. அதனால் ஒரு பழைய கூரையைச் சரிசெய்ய வேறொரு பழைய தொழுவத்தின் கூரையைப் பிரிப்பது நடக்கிறது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை இழப்பது பராமரிப்பு ஆகாது. இந்த வேலைக்கென்றே சிறு குவாரிகளைத் திறக்க அனுமதிக்க வேண்டும், நிலக்காட்சி கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்.