மாமாவிடம் பழைய டிராக்டர் வாங்கும்போது விலை பேசுவது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: மனைவி வழியில் மாமா முறை ஆகிறவர் தன் 2013 மாடல் டிராக்டரை மூன்றரை லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார், உறவும் கெடக்கூடாது, ஏமாறவும் கூடாது, எப்படிப் பேசுவது?

முதலில், போனிலேயே "கடைசி விலை என்ன மாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் பத்தாயிரம் குறைப்பார், நீங்களும் மரியாதைக்குச் சரி என்றுவிடுவீர்கள், அப்புறம் நேரில் போய்க் குறை சொன்னால் பேச்சு மாறுகிறவன் என்று பெயர் வரும். ஒரு மெக்கானிக்கோடு போங்கள், ஆனால் அந்த வண்டிக்கு வழக்கமாக வேலை பார்ப்பவர் வேண்டாம். குறையெல்லாம் மெக்கானிக் வாயிலிருந்து வரட்டும், பாதிச் சங்கடம் அதிலேயே தீரும்.

காலையில் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. நம் டெல்டா வண்டிகளுக்கென்றே ஒரு சீக்கு உண்டு: கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றிலேயே உழைத்தவை என்பதால் ஆயில் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போயிருக்கும், கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் மோர் மாதிரி வெளுத்திருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். வண்டிக்குப் பின்னால் மாட்டும் உழவுக் கருவியான ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சரசரவென்று இறங்கினால் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு அதுவே சந்தேகம்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் என்ன ஆகும் என்று மெக்கானிக்கிடம் தாளில் எழுதி வாங்குங்கள். "விலை அதிகம் மாமா" என்றால் அவருக்குக் கோபம் வரும். "பின்டயர் ரெண்டும் மாத்தணும், சீல் வேலை இருக்கு, இதோ கணக்கு, இதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தர்றேன்" என்றால் எதிர்த்துப் பேச அவருக்கு அதிகம் இருக்காது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், நம்மவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான், அவர் யோசிக்கும் நேரத்தில் நாமே இன்னொரு ஐயாயிரத்தை ஏற்றிவிடுவோம். டீக்கடையில் நாலு பேர் முன்னால் பேசவும் வேண்டாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது சும்மா இல்லை, தொகை ரெண்டு பேருக்குள் இருந்தால் இறங்கி வருவதில் கௌரவக் குறைச்சல் கிடையாது.

இன்னொரு பிடி: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய புது வண்டி விலையை வைத்து அவர் கணக்குப் போட்டிருந்தால் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க எல்லோரும் வண்டி தேடுவார்கள், சம்பா அறுப்பு முடிந்த மாசி, பங்குனியில் பேசுவதே லாபம்.

பதிவு 15 வருடம்தான், 2013-ல் பதிவானது 2028-ல் புதுப்பிக்க வேண்டிவரும், அந்தச் செலவையும் தாளில் சேருங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துக் கேட்க, சொந்தத்துக்குள் எதற்கு என்று தயங்காதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதை மாமாவிடம் சொன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவரே முன்னால் கிளம்புவார்.