மரம், மண், காற்று, கட்டடம்: டிசைன் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) ஸ்டூடியோவிலும் தீசிஸிலும் கட்டடத்தை இயற்கையோடு சேர்க்கப் பார்க்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சூரியக் கோணங்கள் சென்னைக்கு, அதாவது 13 டிகிரி வட அட்சத்துக்குக் கணக்கிட்டவை. கோவை, மதுரைக்காரர்கள் இரண்டு மூன்று டிகிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு, செங்கல்பட்டு: சைட்டில் பெரிய வேப்பமரம் இருக்கிறது, அடிமரச் சுற்றளவு 157 செ.மீ. அதை நடுவில் விட்டு 6 மீட்டருக்கு 6 மீட்டர் முற்றம் வைத்து நான்கு பக்கமும் வகுப்பறை போட்டிருக்கிறேன். சரியா?

முற்றம் போதாது. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் எடுத்த சுற்றளவுதானே அது? 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 50 செ.மீ. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 6 மீட்டர். மரத்தைச் சுற்றி அந்த ஆரத்துக்குள் கடைக்கால் தோண்டுவதில்லை என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் சுவரோ 3 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள் பக்கவாட்டில் ஓடுகிறது. நான்கு பக்கமும் தொடர் கடைக்கால் தோண்டினால் அதைச் சுற்றி அறுத்த மாதிரிதான். மரம் அன்றைக்கே சாகாது. சில ஆண்டு கழித்து உச்சிக்கிளை காயும், அப்போது யாரும் கடைக்காலை நினைக்க மாட்டார்கள்.

ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு ‘ப’ வடிவத்துக்கு மாறுங்கள். வட்டத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டிய இடத்தில் தொடர் கடைக்கால் வேண்டாம். தனித்தனித் தூண்களுக்குக் கையால் குழி தோண்டி, பிளிந்த் பீமை (சுவரைத் தாங்கும் அடி உத்தரத்தை) தரைக்கு மேலே தூக்கி ஓட்டுங்கள். பெரிய வேர் குறுக்கிட்டால் தூணை அரை மீட்டர் நகர்த்தலாம். தோண்டாமலும் மரத்தைக் கொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது: வேர் மேல் ஓரடி மண் நிரப்பி கான்கிரீட் தளம் போட்டாலோ, கட்டும் காலத்தில் ஜல்லி லாரி அங்கேயே நின்றாலோ மண் இறுகி வேருக்குக் காற்று போகாது. சைட் பிளானில் வேலி ஒன்று வரைந்து ‘கட்டும் காலம் முழுவதும்’ என்று எழுதுங்கள். ஒரு கோடுதான், ஆனால் மரத்தைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள் என்று ஜூரிக்கு, அதாவது டிசைனை மதிப்பிடும் குழுவுக்குச் சொல்வது அந்தக் கோடு.

வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டும். கிளைக்குக் கீழே தட்டைக் கூரையும் சிறிய மழைநீர்த் துளையும் வைத்தால் அடைப்பு நிச்சயம். அந்தப் பக்கம் சாய்கூரை போட்டு நீரைத் தரையில் விழவிடுங்கள்.

நான்காம் ஆண்டு: மொட்டைமாடியில் 10க்கு 8 மீட்டர் தோட்டம். பிளானில் பச்சை அடித்துவிட்டேன். ஸ்ட்ரக்சர் ஆசிரியர் எடை கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி) இரண்டாம் பகுதி தரும் நகரும் சுமை, அதாவது ஆட்களும் சாமான்களும் தரும் சுமை, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ. நனைந்த சாதாரண மண் கன மீட்டருக்கு 1,800 கிலோ என்று வையுங்கள். 15 செ.மீ. தடிமனுக்கே சதுர மீட்டருக்கு 270 கிலோ; 80 சதுர மீட்டருக்கு 21 டன்னுக்கு மேல். இது மாறாத சுமை, ஆட்கள் நடக்கும் சுமை இதற்கு மேல். தென்னைநார்க் கழிவு கலந்தால் எடை நன்றாகக் குறையும், ஆனால் எப்போதும் நனைந்த நிலைக்கே கணக்குப் போடுங்கள். ஐப்பசி மழையில் மண் உலர்ந்திருக்காது.

அடுக்குகள் கீழிருந்து மேலாக: ஸ்லாப், 1:100 சரிவு, வாட்டர்புரூஃபிங், வேர் தடுக்கும் ஷீட், வடிகால் செல் (நீர் ஓட இடம் விடும் பிளாஸ்டிக் அடுக்கு), மண் இறங்காமல் தடுக்கும் துணி, பிறகு மண். மண் போடுவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதிக்க வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் நடுவில் வருவதில்லை, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வரும். வாட்டர்புரூஃபிங் அங்கே மண் மட்டத்துக்கு மேல் இன்னும் 15 செ.மீ. ஏற வேண்டும். அந்த மூலையை 1:10 டீடெய்லாக வரையுங்கள். மரம் வேண்டுமென்றால் 90 செ.மீ. மண் தேவை, அதைத் தூண் தலைக்கு மேல் மட்டும் வையுங்கள்.

அதே ஆசிரியர் அடுத்துத் தண்ணீர் கேட்பார். புல்தரைக்குக் கோடையில் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் உங்கள் மாடிக்கு 400 லிட்டர். எங்கிருந்து?

முற்றம் வைத்தால் வீடு குளிரும் என்று எழுதினேன். ஜூரியில் “சென்னையிலுமா?” என்றார்கள்.

சரியாகத்தான் மடக்கியிருக்கிறார்கள். சென்னையில் தொல்லை வெயில் மட்டுமில்லை, புழுக்கம். வியர்வை காய வேண்டும், அதற்குக் காற்று ஓட வேண்டும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்துச் சுவரை மூடிவிட்டு உள்ளே முற்றம் வைத்தால், வெந்த காற்று தேங்கும் தொட்டிதான் அது. காற்று வரும் பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் முற்றத்தைப் பார்த்து அதைவிடப் பெரிய திறப்பு, நடுவில் ஒற்றை வரிசை அறைகள் என்று வைத்துப் பாருங்கள். இருபக்கத் திறப்பு இருந்தால் அறையின் ஆழம் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு வரை போகலாம், ஒருபக்கம் மட்டும் என்றால் இரண்டரை மடங்கு.

இன்னொன்று: மார்ச், செப்டம்பரில் நண்பகல் சூரியன் 77 டிகிரியில் நிற்கும். முற்றம் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் தரையில் வெயில் விழத்தான் செய்யும். கிரானைட் பாவினால் மாலை வரை கொதிக்கும். மண்ணும் ஒரு சிறு மரமும் போதும்.

அப்படியானால் முற்றத்தில் குளம்?

மதுரையின் வறண்ட சித்திரைக்கு உதவும். சென்னையில் ஈரத்தைக் கூட்டும், ஓடாத நீரானால் கொசுவையும் கூட்டும். அழகுக்கு என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வையுங்கள்.

இரண்டாம் ஆண்டு: நான்கு பக்கமும் 60 செ.மீ. சன்ஷேட் போட்டிருக்கிறேன். செடிகொடியும் வேண்டுமா?

ஒரே சன்ஷேட் நான்கு பக்கத்துக்கும் பொருந்தாது. தெற்கில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 53.5 டிகிரி, 60 செ.மீ. நீட்டம் 81 செ.மீ. நிழல் தரும். ஒன்றரை மீட்டர் ஜன்னலுக்குப் பாதிதான், ஆனால் அது குளிர்காலம், போகட்டும். மேற்கில் மார்ச் மாத மாலை 4 மணிக்கு அதே 60 செ.மீ. 34 செ.மீ.தான் மறைக்கும். மேற்கில் எவ்வளவு நீட்டினாலும் சாயும் சூரியன் அடியில் புகுந்துவிடும். கொடிக்கு அதுதான் சரியான இடம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஸ்டீல் கம்பி வலை, கீழே இரண்டடிக் குழியில் நல்ல மண், ரங்கூன் மல்லி. சுவரில் ஒட்டி ஏறவிட்டால் ஈரம் தங்கும், பூச்சு கெடும். தொட்டி அடுக்கிய செங்குத்துத் தோட்டம் படத்தில் அழகு. சொட்டுநீர்க் குழாய் ஒரு வாரம் அடைத்தால் முழுச் சுவரும் காய்ந்துவிடும்.

வடக்கை மறக்க வேண்டாம். ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும்; காலையிலும் மாலையிலும் சாய்வாக உள்ளே வரும். அங்கே செங்குத்துப் பலகைகள் வேண்டும்.

தீசிஸ்: பள்ளிக்கரணையில் பறவை காணும் மையம். ஈரநிலத்தின் மேலேயே, தூண்களில், முழுக் கண்ணாடி.

சென்னையின் சதுப்புநிலமான பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். மையத்தை ஏற்கெனவே கெட்டுப்போன சாலையோர விளிம்பில் வையுங்கள், உள்ளே போவது நடைபாதை மட்டும். மே மாத நீர்மட்டத்தைப் பார்த்துத் தளத்தை முடிவு செய்யாதீர்கள். 2015 வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் வானம் தெரியும், பறவை வந்து மோதும். தவிர்க்க முடியாத கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி அல்லது கோடு வேண்டும். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவது பலிக்காது. உண்மையில் பறவை பார்க்கக் கண்ணாடியே தேவையில்லை: மரப்பலகைச் சுவரில் உட்கார்ந்த கண் மட்டத்தில், தரையிலிருந்து 1.1 மீட்டரில் நீளப் பிளவு, சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் அதே உயரம். வரும் வழியில் ஆள் அசைவு தெரியாதபடி கோரைத் தட்டி. நடைபாதை 1.8 மீட்டர் அகலம், பலகைகளுக்கு நடுவே 10 மி.மீ. சந்து, வெளிச்சமும் மழையும் கீழே இறங்க. வலசைப் பறவைகள் வந்து தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை பைலிங் (தூண்களை மண்ணில் ஆழமாக இறக்கும் வேலை) இல்லை என்று கட்டுமான அட்டவணையில் எழுதுங்கள்.

கேஸ் ஸ்டடிக்கு எதை எடுக்கலாம்?

எல்லோரும் இலங்கையில் தம்புள்ளைக்கு அருகில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய கண்டலம ஹோட்டலை எடுக்கிறார்கள், மூடியிருக்கும் கொடிகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாறைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட்ட இடத்தை, நெட்டுக்கு வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் வரைந்து பாருங்கள், பாடம் அங்கேதான். பக்கத்திலேயே வேண்டுமென்றால் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி: கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பு. நீள முகங்கள் வடக்கும் தெற்கும், முகம் முழுவதும் திருப்பக்கூடிய பலகைகள். அங்கே ஒரு கொடிகூட இல்லையென்றாலும் காற்றோடு அந்தக் கட்டடத்துக்கு உள்ள உறவு கெடாது.

ஜூரி ஷீட்டில் ஒரே ஒரு டிராயிங்தான் இடம் இருக்கிறது.

1:50 செக்‌ஷன். தரைக்கோட்டுக்குக் கீழே இரண்டு மீட்டர் விட்டு வேர், கடைக்கால், மழைநீர்க் கிணறு. மேலே அளவுக்கு வரைந்த மரம். ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை, 200 சதுர மீட்டர் கூரை, 0.8 குணகம் (விழும் மழையில் சேரும் பங்கு): 2,24,000 லிட்டர். அந்த எண்ணைக் கிணற்றுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.