கிட்டார் நெக் கேள்வி பதில்: கட்டைவிரலைக் கேட்டு வாங்குங்கள்

கிட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பாடியின் நிறத்தையும் தலையில் இருக்கும் பெயரையும்தான். ஆனால் இடது கை மணிக்கணக்காகப் பிடித்திருக்கப் போவது நெக்கை, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தை. அதனால் இந்த முறை நெக் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே.

அண்ணா, கடையில் ‘சி நெக்’, ‘டி நெக்’ என்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை. (சேலம்)

நெக்கைக் குறுக்கே அறுத்தால் அதன் முதுகு என்ன வடிவத்தில் தெரியுமோ அந்த ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சி என்றால் சீரான வளைவு. இன்று விற்கிற கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். டி என்றால் முதுகு கொஞ்சம் தட்டை, ஓரங்கள் கொஞ்சம் புடைப்பு. யூ என்றால் பக்கங்கள் ஆழமாக இறங்கி உள்ளங்கையை நிரப்பும். வி என்றால் முதுகின் நடுவே ஒரு முகடு ஓடும். முகடு மழுங்கலாக இருந்தால் சாஃப்ட் வி, கூராக இருந்தால் ஹார்ட் வி.

ஆனால் தம்பி, எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் சி இன்னொரு கம்பெனியின் டி மாதிரி கையில் உட்காரும். கேட்க வேண்டியது தடிமன்: முதல் ஃப்ரெட்டில் எவ்வளவு, 12-ஆவது ஃப்ரெட்டில் எவ்வளவு. ஃப்ரெட் என்பது நெக்கின் முகத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை, அது பதித்த முகப் பலகைதான் ஃப்ரெட் போர்டு. எலெக்ட்ரிக் கிட்டாரில் முதல் ஃப்ரெட்டில் 21 மி.மீ. அளவில் இருந்தால் நடுத்தரம். 19 என்றால் மெலிசு. 24, 25 என்றால் நல்ல தடி. தடிமன் ஒன்றாகவே இருந்தும் இரண்டு நெக் கையில் வேறு வேறாகத் தெரிவதற்குக் காரணம் ‘தோள்’. அதாவது ஃப்ரெட் போர்டின் ஓரத்திலிருந்து முதுகு வரை இருக்கும் மரம். தோளைச் சீவியிருந்தால் 23 மி.மீ. நெக்கும் மெலிசாகத் தோன்றும். தோள் நிறைந்திருந்தால் 21 மி.மீ. நெக்கும் பருமனாகத் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1960-களின் ஃபெண்டர் கம்பெனி கிட்டார்களில், நெக் பாடியோடு சேரும் முனையில் ஏ, பி, சி, டி என்று முத்திரை இருக்கும். அது நெக்கின் வடிவத்தைச் சொல்வது இல்லை, நட்டின் அகலத்தைச் சொல்வது. நட் என்றால் நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் சிறு பட்டை. பி என்றால் 1⅝ அங்குலம், சி என்றால் 1¾ அங்குலம். பழைய கிட்டார் விற்கிறவர்கள் இரண்டையும் குழப்பிச் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

சார், என் கை ரொம்பச் சின்னது. மெல்லிய நெக்தான் வாங்க வேண்டும் என்று தோழிகள் சொல்கிறார்கள். சரிதானா? (கோவை)

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதிகமாகத் தப்பாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். சின்னக் கைக்கு மெல்லிய நெக் என்பது பாதிதான் உண்மை.

ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் பார் கார்டு பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று உங்கள் கையையே பாருங்கள். ஆள்காட்டி விரல் முன்னால் அழுத்துகிறது, கட்டைவிரல் பின்னால் தாங்குகிறது. நடுவில் இருக்கும் மரம் மிக மெலிசாக இருந்தால் உள்ளங்கைக்குத் தாங்க எதுவும் கிடைக்காது, முழுப் பாரமும் கட்டைவிரலின் அடிச்சதையில் விழும். தண்ணீர் நிறைந்த வாளியை வெறும் கம்பிப் பிடியில் தூக்கினால் விரல் அறுக்கும், அதே கம்பியில் ஒரு மரக்கட்டையைக் கோத்துத் தூக்கினால் அவ்வளவு தெரியாது இல்லையா, அந்தக் கணக்குதான். சின்னக் கை உள்ள பலருக்கு 21, 22 மி.மீ. வட்டமான நெக் 18 மி.மீ. தட்டை நெக்கைவிட வலியில்லாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னக் கைக்கு உண்மையில் உதவுவது வேறு இரண்டு அளவுகள். ஒன்று நட் அகலம். கிளாசிகல் கிட்டாரில் அது 52 மி.மீ. அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் 43 முதல் 44.5 வரை. எலெக்ட்ரிக்கில் 42, 43. விரல் ஆறாவது கம்பிக்கு எட்டவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் இந்த அகலம்தான். மற்றொன்று ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து பாடியில் கம்பி உட்காரும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் தூரம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (சுருக்கமாக ஸ்ட்ராட்) 648 மி.மீ., கிப்சன் லெஸ் பாலில் ஏறத்தாழ 628 மி.மீ. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள் மட்டும் 4 மி.மீ. மிச்சமாகிறது. சுண்டுவிரல் நீட்டித் தவிக்கிற இடத்தில் 4 மி.மீ. பெரிய விஷயம்.

ஆகவே முதலில் ஸ்கேல், அப்புறம் நட் அகலம், அதற்குப் பிறகு நெக் வடிவம். இந்த வரிசையில் பாருங்கள் அம்மா.

அண்ணை, எஃப் கார்டு எவ்வளவு அமத்தினாலும் சத்தம் வருகுதில்லை. நெக் தடிப்பு எண்டு நினைக்கிறன். வேற கிட்டார் வாங்கட்டோ? (யாழ்ப்பாணம்)

வாங்க வேண்டாம், பொறுங்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேபோ, அதாவது எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பிடிக்கும் கிளிப், போட்டு, அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டதா? அப்படியென்றால் உங்கள் நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் போதுமான ஆழம் இல்லை. கம்பி உயரமாக நிற்கிறது, நெக்கில் தப்பில்லை. நல்ல டெக்னீஷியன் கையில் கொடுத்தால் பள்ளத்தை அரம் வைத்து அளவாக இறக்கித் தருவார். கூடவே 12 கேஜ் (கேஜ் என்பது தடிமன் எண்) கம்பி இருந்தால் 11-க்கோ 10-க்கோ மாற்றுங்கள். விலை குறைந்த அக்கூஸ்டிக் பலதும் கடையிலிருந்து நட் உயரமாகத்தான் வருகின்றன. இப்படி உயரம் சரிபார்த்துச் செட்டப் செய்யாத கிட்டாரை வைத்து நெக்கைத் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை.

வேகமாக வாசிக்க ஐபனேஸ் கம்பெனியின் மெல்லிய விஸார்ட் நெக்தான் வேண்டுமா? ஸ்ட்ராட் போதாதா? (சென்னை)

நீங்கள் கட்டைவிரலை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டைவிரல் நெக்கின் நடு முதுகில் இருந்து, மற்ற நான்கு விரலும் நிமிர்ந்து விழுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் விஸார்ட் மாதிரியான தட்டை நெக் அருமையாக ஒத்துழைக்கும். விஸார்ட் 3 நெக் முதல் ஃப்ரெட்டில் 19, 12-ஆவதில் 21 மி.மீ. மேலே போகப் போகத் தடிமன் கூடுவதே தெரியாது.

நெக்கை உள்ளங்கையால் பற்றிக்கொண்டு, கட்டைவிரலை மேலே ஏற்றி வாசிப்பவர் என்றால் அதே நெக்கில் அரை மணி நேரத்தில் கை பிடித்துக்கொள்ளும். வேகம் மரத்தின் மெலிவில் வருவதில்லை. கை இறுக்கம் விடுவதில்தான் வருகிறது. இறுக்கம் எந்த நெக்கில் குறைகிறதோ அந்த நெக்தான் உங்களுக்கு வேகமான நெக்.

எரிக் கிளாப்டன் கிட்டாரில் வி நெக் என்று படித்தேன். இவ்வளவு விசித்திரமான வடிவம் எப்படி வந்தது? (திருச்சி)

எனக்குப் பிடித்த கேள்வி. வி வடிவம் பழைய காலத்துத் தேவை. ஸ்டீல் கம்பியின் இழுவையில் நெக் வளையாமல் இருக்க உள்ளே சரிசெய்யக்கூடிய இரும்புக் கம்பி, அதாவது ட்ரஸ் ராட், வேண்டும். கிப்சன் கம்பெனி 1920-களின் தொடக்கத்திலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. மார்ட்டின் கம்பெனியோ 1985 வரை சரிசெய்யும் ட்ரஸ் ராட் இல்லாமலேயே கிட்டார் செய்தது. திருகிச் சரிசெய்ய வழி இல்லாதபோது நெக்கின் விறைப்புக்கு மரமும் துணை நிற்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மார்ட்டின் கிட்டார்களின் முதுகில் அந்த முகட்டைத் தடவிப் பார்க்கலாம்.

எலெக்ட்ரிக்கில் ஃபெண்டர் 1950-களின் தொடக்கத்தில் தடித்த யூ, நடுவில் வி, 60-களில் சி என்று மாறிக்கொண்டே வந்தது. கிளாப்டனின் பெயரில் ஃபெண்டர் 1988-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சாஃப்ட் வி நெக்தான்.

யாருக்கு இது ஒத்துவரும்? கட்டைவிரலை நெக்கின் மேல் ஓரத்தில் கொக்கி போலப் போட்டு, ப்ளூஸ் வாசித்துக் கம்பியை இழுப்பவர்களுக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தில் அந்த முகடு அப்படியே உட்காரும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மாதிரி ஆறாவது கம்பியைக் கட்டைவிரலாலேயே அமுக்க விரும்பினாலும் இது வசதி. கிளாசிகல் முறையில் கட்டைவிரலை நடுவில் வைப்பவருக்கு அதே முகடு உறுத்தும். வாங்காதீர்கள்.

லெஸ் பாலில் 50-களின் நெக், 60-களின் நெக் என்று இரண்டு வைத்திருக்கிறார்களே? (பெங்களூரு)

50-கள் என்றால் உருண்டு திரண்ட தடி நெக். 60-கள் என்றால் மெலிந்த, தோள் குறைந்த நெக். தடி நெக்கில் ஒலி நன்றாக இருக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்காகப் பணம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், கைக்காகக் கொடுங்கள். ஸ்ட்ராட்டில் பழகியவர் என்றால் 60-களில் தொடங்குங்கள்.

கர்நாடக இசை வாசிக்கிறேன். கமகத்துக்கு எந்த நெக் நல்லது? (தஞ்சாவூர்)

கர்நாடக இசைக் கிட்டார் கலைஞர் ஆர். பிரசன்னா சாதாரண கிட்டாரிலேயே ராகத்தை எப்படி வளைத்து எடுக்கிறார் என்று கேட்டிருப்பீர்கள். எனவே தனி வாத்தியம் தேவை என்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு நெக்கின் முதுகைவிட முகம்தான் முக்கியம். முகம் என்றால் ஃப்ரெட் போர்டின் வளைவு, ரேடியஸ் என்பார்கள். பழைய ஃபெண்டரில் அது 7.25 அங்குலம், நல்ல வளைவு. இன்றைய ஃபெண்டர் பலவற்றில் 9.5. கிப்சனில் 12. ஐபனேஸில் 15.75, கிட்டத்தட்ட தட்டை. எண் சிறியதாக இருந்தால் கார்டு பிடிக்கக் கைக்கு இதம். ஆனால் முதல் கம்பியைக் குறுக்கே ஒன்றரை ஸ்வரம் இழுத்தால், ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம், தாழ்வாக இருக்கும் கிட்டாரில் கம்பி மேல் ஃப்ரெட்டில் உரசி ஒலி செத்துவிடும். காம்போதியில் ஒரு நீண்ட இழுப்பு நடுவில் அறுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 12 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள்.

ஃப்ரெட் உயரமாக, ஜம்போ அளவில் இருக்கட்டும். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் விரல் அடியில் எதையும் தொடாமல் தந்தியை இழுக்கிறது. கிட்டாரில் அந்தச் சுதந்திரம் வேண்டும் என்றுதான் சிலர் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சுரண்டிக்கொள்கிறார்கள். ஷக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டாரில் அந்தக் குழிவும் உண்டு, குறுக்கே ஏழு சுருதிக் கம்பிகளும் உண்டு. அதற்குப் போவதற்கு முன் ஜம்போ ஃப்ரெட்டில் ஒரு வருடம் வாசித்துப் பாருங்கள். சுரண்டிய மரம் திரும்பி வராது.

நெக் முதுகு நடுத்தர சி அல்லது சாஃப்ட் வி. கம்பியை இழுக்கும்போது மணிக்கட்டு திரும்ப ஒரு ஊன்றுகோல் வேண்டும். ரொம்ப மெலிந்த நெக்கில் அது கிடைக்காது.

என் கிட்டார் நெக் பளபளவென்று இருக்கிறது. வியர்வையில் கை ஒட்டுகிறது. (புதுச்சேரி)

கடற்கரை ஊர்களில் எல்லோரும் சொல்லும் குறை. பளபளக்கும் க்ளாஸ் (gloss) பூச்சு ஒட்டும், மங்கலான சாட்டின் பூச்சு வழுக்கும். கிட்டாரை மாற்றத் தேவையில்லை. 0000 எண் ஸ்டீல் வுல் வாங்கி, நெக்கின் முதுகில் மட்டும், மரத்தின் நீளவாக்கில், அழுத்தாமல் தேயுங்கள். பளபளப்பு மங்கியதும் நிறுத்திவிடுங்கள். பூச்சைத் தாண்டி மரம் வரை போகக் கூடாது. எலெக்ட்ரிக் என்றால் தொடங்கும் முன் பிக்கப்புகளை, அதாவது கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் காந்தப் பெட்டிகளை, டேப் ஒட்டி முழுதாக மூடுங்கள். ஸ்டீல் வுல்லின் இரும்புத் தூசி பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

பேஸ் கிட்டார்: ஜாஸ் பேஸா, ப்ரிசிஷன் பேஸா? (கொழும்பு)

ஜாஸ் பேஸின் நட் 38 மி.மீ., ப்ரிசிஷன் அதைவிட அகலம். முதல் பேஸ் என்றால் ஜாஸ் பேஸின் நெக் பெரும்பாலோருக்குச் சுலபம்.

ஓய்வு பெற்ற பிறகு கிட்டார் கற்கிறேன். இடது கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது. எந்த நெக் வாங்கலாம்? (நாகர்கோவில்)

ஐயா, முதலில் மருத்துவரைப் பாருங்கள், அதிலும் விரல் மரத்துப்போகிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம். அவர் வாசிக்கலாம் என்று சொன்ன பிறகு கிட்டாரைப் பேசுவோம். கம்பியை மெலிசாக்குங்கள், ஆக்ஷனை இறக்குங்கள். கிட்டாரை இடது தொடையில் வைத்து நெக்கைச் சற்று நிமிர்த்திப் பிடியுங்கள், மணிக்கட்டு மடங்காது. நெக் மெலிசாக இருக்க வேண்டாம், வட்டமான நடுத்தர நெக் கேளுங்கள். நைலான் கம்பி விரல் நுனிக்கு மென்மைதான், ஆனால் 52 மி.மீ. அகலம் உங்கள் கட்டைவிரலை இன்னும் விரித்துவிடும். நைலானே வேண்டும் என்றால் 48 மி.மீ. நட் வைத்த கிராஸ்ஓவர் வகையைத் தேடுங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? (மதுரை)

இரண்டு நிமிடம் வாசித்தால் எல்லா நெக்கும் நன்றாகத்தான் இருக்கும். உட்கார்ந்து கால் மணி நேரமாவது வாசியுங்கள். அதில் ஐந்து நிமிடம் வெறும் பார் கார்டு, அப்புறம் நின்றுகொண்டு, ஸ்ட்ராப் போட்டு. எங்கே முதலில் களைக்கிறது என்று கவனியுங்கள். விரல் நுனி வலித்தால் அது பழக்கம், போய்விடும். கட்டைவிரல் அடியில் வலித்தால் நெக்கை மாற்றுங்கள். ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால், நண்பர் ஒருவரிடம் கைக்கு இதமாக இருக்கும் கிட்டாரை வெர்னியர் காலிப்பரால் அளந்து வைத்துக்கொண்டு அந்த எண்ணைத் தேடுங்கள்.

வாங்கியாகிவிட்டது, நெக் பிடிக்கவில்லை. சீவித் தரச் சொல்லலாமா? (ஈரோடு)

தடி நெக்கின் தோளைக் கொஞ்சம் சீவலாம், அனுபவசாலியிடம் மட்டும். உள்ளே ட்ரஸ் ராட் ஓடுகிறது, நடு முதுகை அதிகம் சீவினால் நெக் போயிற்று. ஃபெண்டர் வகையில் நான்கு திருகுகளைக் கழற்றினால் நெக்கே தனியாக வந்துவிடும், வேறு வடிவத்தில் வாங்கிப் பொருத்தலாம். நெக் பாக்கெட்டின், அதாவது பாடியில் நெக் உட்காரும் குழியின், அகலத்தையும், திருகுத் துளைகள் பொருந்துமா என்பதையும் பார்த்து வாங்குங்கள். லெஸ் பால் வகையில் ஒட்டியிருப்பார்கள், மாற்ற நினைக்காமல் விற்றுவிட்டு வேறு வாங்குவது மேல். கழற்றிய பழைய நெக்கை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் கிட்டாரை விற்கும்போது அசல் நெக் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.